வடக்குச் சுவரின் பிள்ளை

கோட்டைக்குப் பக்கத்தில்தான் வீடு என்று என் கணவர் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் வந்திருப்பேன். காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போனவள், விசா கிடைத்த பிறகு வீட்டின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்றா கேட்பாள்?

நானும் என் மகள் அஜந்தினியும் டென்மார்க்குக்கு வந்தது 1989 ஆனி மாதம். கொப்பன்ஹேகனில் இருந்து ரயில். அந்த ரயில் பாதி வழியில் முழுதாக ஒரு கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடந்தது. ஆறு வயதுப் பிள்ளை பயந்துபோய் என் மடியை விட்டு இறங்கவில்லை. எதிரே இருந்த தகப்பன் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். மூன்று வருடம் காணாத தகப்பன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரெடெரிசியாவில் இறங்கி, பஸ் எடுத்து, வயல்களுக்கு நடுவே ஒரு தரிப்பில் இறங்கியபோது இரவுச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. வெயில் மட்டும் இன்னும் எறித்துக்கொண்டிருந்தது.

வீடு ஒரு ஏரிக்கரையில் தனியாக இருந்தது. முன்பு பண்ணைக் கூலிகள் இருந்த சிறிய செங்கல் வீடு. கொம்யூன்காரர், அதாவது இந்த ஊர் நகரசபை, அவருக்குக் கொடுத்தது. குசினி யன்னலைத் திறந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு மேட்டின் மேல், உடைந்த சுவர்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று மட்டும் உடையாமல் மூன்று மாடி உயரத்துக்கு நேராக நின்றது.

"அது என்னப்பா?"

"பழைய கோட்டை. கிராக்ஹோல்ம் எண்டு பேர். அங்கைதான் எனக்கு வேலை."

நான் யன்னலைச் சாத்தினேன். நாங்கள் குருநகர்ச் சனம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்து ஆமி அடித்த செல் குண்டு எங்கள் கூரைகளுக்கு மேலால்தான் போகும். சில நேரம் போகாமல் எங்கள் முற்றத்திலேயே இறங்கிவிடும். கோட்டை என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊரில் பிள்ளைகள் பங்கருக்குள் ஓடும். அந்தச் சொல்லுக்குப் பயந்து உலகத்தின் மறுகரைக்கு வந்தால், இங்கேயும் ஒரு கோட்டையைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவ வேண்டும் என்று விதி.

என் கணவர் பெயர் ஸ்ரனிஸ்லாஸ். ஊரில் நல்ல மேசன். எண்பத்தாறில் இங்கு வந்து சேர்ந்தார். அகதி என்று ஏற்றுக்கொண்டதும் எங்களைக் கூப்பிட எழுதிப்போட்டார். அந்த நேரம் கொப்பன்ஹேகனில் ஒரு மந்திரி, தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களைத் தொடவேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டான். சட்டப்படி எங்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. விண்ணப்பம் அப்படிக் கிடந்த இரண்டு வருடத்தில் இந்திய ஆமி வந்தது, சண்டை வந்தது, யாகப்பர் கோயிலுக்குள் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்த இரவுகள் வந்தன. கடிதம் மட்டும் வரவில்லை. அவர் இங்கே பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, நாங்கள் உயிரோடு இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் இருந்திருக்கிறார்.

நாங்கள் வந்த அன்றைக்கு அவரே சமைத்து வைத்திருந்தார். சோறு, பருப்பு, இந்த ஊர் மீனில் ஒரு குழம்பு. எங்களுக்குப் போடமுதல், முதற் கரண்டிச் சோற்றைச் சின்னக் கோப்பை ஒன்றில் போட்டு, குழம்பு விட்டுக் குழைத்து, மீனில் முள் எடுத்து, வெளியே கொண்டுபோனார்.

"நாய் வளர்க்கிறீங்களே?" என்று கேட்டேன்.

"ம்."

நாய்க்கு முள் எடுத்துக் கொடுக்கிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. மறுநாள் காலை வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன்.

நாய் இருக்கவில்லை.

*

கோடை போனதே தெரியவில்லை. அஜந்தினி தகப்பனின் தோளில் ஏறத் தொடங்கினாள். ஆவணியில் பள்ளிக்கூடம் போனாள். நான் கேட்பதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொல்லப் பழகினாள். "கை கழுவினியே?" என்றால் "யா." "பசிக்குதே?" என்றால் "யா." ஓம் என்ற சொல் அவள் வாயில் இருந்து எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

அவர்தான் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனார். காலையில் நான் சோறு கட்டிக் கொடுப்பேன். பின்னேரம் பெட்டி காலியாக வரும், அவர் பட்டினியாக வருவார். வந்தவுடன் பானையடியில் நின்றபடியே சாப்பிடுவார். ஒருநாள் சோற்றுப் பெட்டியை மேசையில் மறந்துவிட்டுப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று என்று நானே எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தேன்.

மற்ற வேலைக்காரர்கள் சக்கரம் வைத்த ஒரு மரக் கொட்டிலுக்குள் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் தனியாக, அந்த உயரமான வடக்குச் சுவரின் அடியில், ஒரு கல்லில் இருந்தார். பக்கத்தில் போகப் போகக் குளிர் கூடியது. வெளியே காற்று இல்லை, வெயிலும் இருந்தது. அந்தச் சுவரின் நிழலுக்குள் கால் வைத்ததும் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. கரியும் பாசியும் பிடித்த பெரிய பெரிய செங்கற்கள். அடியில் ஒரு வளைவு. அதை வேறு கல்லால் மூடியிருந்தார்கள். அந்த அடைப்பில், முழங்கால் உயரத்தில், ஒரு கல் விழுந்து, ஒரு துவாரம்.

துவாரத்தின் கீழ் விளிம்பு மஞ்சளாக இருந்தது.

குனிந்து பார்த்தேன். பருப்பு மஞ்சள். காய்ந்து, மேலே மேலே பூசி, தடித்துப் போயிருந்தது. உள்ளே இருந்து ஈரச் சுண்ணாம்பும் ஏரிச் சேறும் மணத்தன. அதற்கும் அடியில், மிக மெதுவாக, சூடான சோறு மணத்தது.

"இது என்ன வேலையப்பா?"

அவர் ஒளிக்கவில்லை. மெல்லிய குரலில், துவாரத்துக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், எல்லாவற்றையும் சொன்னார்.

கிராக்ஹோல்மின் கதையை அவருக்கு வேலை மேற்பார்வையாளன், ஓகெ என்ற டேனிஷ்காரன், சொல்லியிருந்தான். அறுநூறு வருடத்துக்கு முன், அரசனோடு பகைத்துக்கொண்ட ஒரு பிரபு ஏரிச் சேற்றில் மேடு போட்டுக் கட்டிய கோட்டை. மூன்று பக்கச் சுவர்களும் நின்றன. வடக்குச் சுவர் மட்டும் ஒவ்வொரு பனிக்காலமும் முடிய ஏரிக்குள் சரிந்தது. சுவர் உயிர் கேட்கிறது என்று கொத்தர்கள் சொன்னார்களாம். ஊர் ஊராகப் பிச்சை எடுத்துத் திரிந்த ஒருத்தியிடம் அவளுடைய பையனை வாங்கினார்கள். சுவரின் அடியில் ஒரு சிறிய அறை கட்டி, மேசை வைத்து, பாணும் தேனும் அப்பிளும் வைத்தார்கள். "சாப்பிட்டுக்கொண்டிரு, அம்மா வருவா" என்று சொல்லி இருத்தினார்கள். பசித்த பிள்ளை சாப்பிட்டது. அது தலை நிமிரமுதல் வளைவை மூடிவிட்டார்கள்.

பிறகு அரசனின் படை வந்து கோட்டையைக் கொளுத்தியது. பிரபுவின் வம்சமே இல்லாமல் போனது. ஊரவர்கள் வந்து செங்கல்லைப் பிடுங்கி மாட்டுக்கொட்டில் கட்டினார்கள். எல்லாச் சுவரும் கரைந்துபோக, வடக்குச் சுவர் மட்டும் ஒரு கல்லும் அசையாமல் நின்றது.

"உந்தக் கதையைக் கேட்டுத்தான் சோறு வைக்கத் தொடங்கினீங்களோ?"

"இல்லை விமலா. கதை பேந்துதான் தெரியும். வந்த முதல் பனிக்காலம், காத்துக்கு ஒதுங்கி உதிலை இருந்து சாப்பிட்டன். ஆரோ பாக்கிற மாதிரி இருந்துது. பெரிய ஆள் பாக்கிறதெண்டால் வேறை மாதிரி. இது ஒரு பிள்ளை. பிள்ளை ஒண்டு பாத்துக்கொண்டு நிக்க, எப்பிடி விழுங்கிறது?"

பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு ஒரு பிடி கொடுக்காமல் சாப்பிட்டால் செமிக்காது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அது எந்த ஊர்ப் பிள்ளை, எந்தக் காலத்துப் பிள்ளை என்று எங்கள் கை கேட்பதில்லை.

"காகம் திண்டிருக்கும்" என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"காகம் அழுமே?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உள்ளுக்குள்ளை இருந்து அழுதுது. நான் என்ன செய்ய? அழாதை மகன், சாப்பிடு, அம்மா வருவா எண்டு சொன்னன்."

"ஆற்றை அம்மா?"

அவர் கையில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார்.

"அந்த நேரம் எனக்குத் தெரிஞ்ச அம்மா நீதான். நீ வருவியோ, மாட்டியோ எண்டு எனக்கே தெரியாது. அதுக்குச் சொல்லச் சொல்ல எனக்கும் நம்பிக்கை வந்துது. ஒவ்வொரு நாளும் சொன்னன். உன்ரை பேர், உன்ரை குரல், நீ குழைச்சுத் தீத்திறது எல்லாம் சொன்னன்."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்தியது. சாவுக்குள் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். வந்த இடத்தில் செத்த பிள்ளை ஒன்றுக்கு என்னைத் தாய் என்று எழுதிக் கொடுத்து வைத்திருக்கிறார்.

"உங்கடை பிள்ளைக்குச் சோறு போடுங்கோ, காணும்" என்று சத்தமாகச் சொன்னேன். "இண்டையோடை இதை நிப்பாட்டுங்கோ."

துவாரத்துக்குள் ஏதோ எழும்பியது.

கண்ணால் ஒன்றும் காணவில்லை. துணி கல்லில் உரசும் சத்தம் மட்டும். நித்திரையில் இருக்கும் பிள்ளை தாயின் குரல் கேட்டுச் சட்டென்று எழும்புமே, அதுபோல்.

*

அவர் நிறுத்தினார். என் சொல்லைத் தட்டாத மனிதர்.

அடுத்த கிழமையில் இருந்து சோற்றுப் பானையைத் திறந்தால் நடுவில் ஒரு குழி இருந்தது. கரண்டி போட்ட குழி இல்லை. ஒரு சின்னக் கை பிடி அள்ளிய குழி. எலி என்று சொல்லிக்கொண்டேன். மூடிமேல் அம்மிக்கல் கனத்துக்கு ஒரு கல்லை வைத்தேன். கல் வைத்த இடத்தில் இருந்தது. குழியும் இருந்தது.

அஜந்தினி பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்துக் கதிரைப் பக்கமாகத் தட்டைத் தள்ளத் தொடங்கினாள். யாருக்கு என்று கேட்டால் டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை என் கணவரைக் கூப்பிட்டு, வீட்டில் பிள்ளையோடு யார் டேனிஷ் கதைக்கிறது என்று கேட்டாவாம். பிள்ளை சொல்லும் சில சொற்களைப் பழைய தேவாலயப் பாட்டுகளில் மட்டும்தான் தான் கண்டிருப்பதாகச் சொன்னாவாம்.

ஐப்பசி மழையோடு வடக்குச் சுவர் வெடித்தது.

மேலிருந்து கீழ்வரை, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. தன் தகப்பன் காலத்தில் இருந்து அந்தச் சுவரில் ஒரு கல்லும் அசைந்ததில்லை என்று ஓகெ தலையில் கைவைத்தான். அத்திவாரம் இறங்குகிறதா என்று பார்க்க வளைவைத் திறப்பது என்று முடிவெடுத்தார்கள். பழம்பொருள் வைக்கும் நூதனசாலையில் இருந்து ஒருவர் விளக்கோடு வந்தார். என் கணவர்தான் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

உள்ளே சிறிய அறை இருந்தது. கல்மேசை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு எலும்பு இல்லை, ஒரு பல் இல்லை. இந்தக் கோட்டைக் கதைகளே இப்படித்தான் என்று நூதனசாலைக்காரர் சிரித்துவிட்டுப் போனாராம்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்தார்.

"அங்கை இல்லை விமலா" என்றார். "எங்கை போயிட்டுது?"

நான் அடுப்பில் இருந்த பானையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எஸ்பியர்க் பட்டினத்தில் இருக்கும் எங்கள் ஊர் அந்தோனிதாசனுக்கு அன்றே போன் எடுத்து, அங்கே ஒரு வீடு பார்க்கச் சொன்னேன். பனி இறுகமுதல் வளைவை உறுதியாக மூடவேண்டும், அந்த வேலையை மட்டும் முடித்துத் தந்துவிட்டு வருகிறேன் என்றார் இவர். மேசன் புத்தி. திறந்த சுவரை அப்படியே விட்டுவிட்டு வர மனம் கேட்காது.

*

கார்த்திகையில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அன்று மழைத் தூறல். பள்ளிக்கூட பஸ் வரும் நேரம் என்று தரிப்புக்குப் போகக் குளிருடுப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பில் சொதி பொங்கியது. அதை இறக்கிவைக்கத் திரும்பினேன். அந்த நேரம் வாசற்கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது.

பஸ் முந்தி வந்துவிட்டது, பிள்ளை தானாக நடந்து வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சின்னக் காலடிகள் குசினிக்குள் வந்தன. கதிரை இழுபட்டது.

"நனைஞ்சனியே, குஞ்சு?"

அடுப்பைப் பார்த்தபடியே தட்டில் சோறு போட்டேன். சொதி விட்டேன். என் பிடரியில் குளிர் ஏறியது. கதவை ஒழுங்காகச் சாத்தவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

"கை கழுவினியே?"

"ஓம், அம்மா."

தட்டோடு அப்படியே நின்றேன்.

என் பிள்ளை ஓம் சொல்வதில்லை.

ஈரச் சுண்ணாம்பு மணத்தது.

மெல்லத் திரும்பினேன். கதிரை மேசையில் இருந்து இழுபட்டு, ஒரு பிள்ளை இருக்கும் அளவுக்கு விலகியிருந்தது. அதில் ஒருவரும் இல்லை. கதிரையின் முன்விளிம்பில் வெள்ளைத் தூள், இரண்டு சின்னக் கைகள் ஊன்றியதுபோல்.

அப்போதுதான் வெளியே, தூரத்தில், பஸ் வந்து நின்று திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

தட்டை எங்கே வைத்தேன் என்று தெரியாது. தரிப்புக்கு ஓடினேன். அங்கே பிள்ளை இல்லை. வீட்டின் பின்பக்கம் வரை கூப்பிட்டுத் தேடிவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் கண்டேன். சேற்றில் அவளுடைய சப்பாத்து அடிகள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் இறங்கியிருந்தன. அவளுக்குப் பக்கத்தில் வேறு அடி இல்லை. ஆனால் அவள் ஓரமாகவே நடந்திருந்தாள், யாருக்கோ இடம் விட்டு நடப்பதுபோல்.

குருநகரில் செல்லுக்கு ஓடிய ஓட்டம் எல்லாம் ஒரு ஓட்டமே இல்லை. அன்று ஓடினதுதான் ஓட்டம்.

வடக்குச் சுவரின் அடியில் ஒரு பெரிய மின்விளக்கு எரிந்தது. சுண்ணாம்பு குழைக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. என் கணவர் முழங்காலில் நின்று வளைவின் கடைசி வரிசையை வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மூன்று கல் வைத்தால் முடிந்தது. ஓகெ சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"உடையுங்கோ" என்று கத்தினேன். "பிள்ளை உள்ளுக்கை."

இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையில் இருந்த கல்லை நான் தட்டி விழுத்தியபோதுதான் நிமிர்ந்தார்.

"விசரே உனக்கு? தொடங்கமுதல் லைற் அடிச்சுப் பாத்தனான். கடைசி வரிசைக்கு முதல், தேத்தண்ணி குடிக்க ஒருக்கால் எழும்பினதுதான். பிள்ளை வந்திருந்தால் எனக்குத் தெரியாதே?"

நான் கையாலேயே பிடுங்கினேன். சாந்து இன்னும் இறுகவில்லை. நகம் பிய்ந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் பிடுங்கத் தொடங்கினார். ஓகெ இயந்திரத்தை நிறுத்தினான்.

அந்த அமைதியில், உள்ளே, யாரோ அப்பிள் கடிக்கும் சத்தம் கேட்டது.

விளக்கைத் திருப்பினார்கள். அஜந்தினி கல்மேசைக்குப் பின்னால், கால்களை மடக்கி, புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் பாதி கடித்த அப்பிளோடு இருந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. தகப்பன் தன்னைக் கல்லால் மூடுவதைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"ஏன் குஞ்சு கூப்பிடேல்லை? ஏன் கூப்பிடேல்லை?" அவர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

அவள் டேனிஷில் சொன்னாள். அவருக்கு விளங்கியது. ஓகெக்கும் விளங்கியது. ஓகெ தொப்பியைக் கழற்றினான். எனக்கு மட்டும்தான் அவர் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல முடியாமல் சொன்னார்.

"தம்பி இஞ்சை இருக்கச் சொன்னவனாம். தான் இவ்வளவு காலமும் இருந்தது போதுமாம். இனித் தான் போய் அம்மாவோடை இருக்கப்போறானாம்."

*

அந்த வீட்டில் இன்னொரு இரவு இருப்பதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. ஓகெ தன் காரில் எங்களை எஸ்பியர்க்குக்கே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். பிள்ளையும் அவரும் காருக்குள் இருந்தார்கள். பாஸ்போட்டுகளையும் குளிருடுப்பையும் எடுக்க நான் தனியாக உள்ளே போனேன். அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் போனால் திரும்பவும் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம்.

குசினியில் விளக்கு எரிந்தது. நான் போட்ட சோறு மேசையில் இருந்தது, தொடாமல். கதிரை இன்னும் விலகியே இருந்தது.

எடுக்க வேண்டியதை எடுத்தேன். அப்படியே போயிருக்க வேண்டும். வாசலில் நின்றுவிட்டேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்று மனதைக் கல்லாக்கப் பார்த்தேன். முடியவில்லை. யாரோ வருவார் என்று சொன்னதை நம்பி இருட்டுக்குள் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். எனக்கு இரண்டு வருடம். அவனுக்கு அறுநூறு.

"நான் உன்ரை அம்மா இல்லை, மகன்" என்று சொன்னேன்.

மகன் என்று சொல்லியிருக்கக் கூடாது. எந்தப் பிள்ளையைக் கண்டாலும் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் உறைத்தது. சொல்லிவிட்டு அழுதேன்.

கதிரை மெல்ல அசைந்தது. மேசையில் இருந்த தட்டு என் பக்கமாகக் கொஞ்சம் தள்ளப்பட்டது. பிறகு ஒரு பிள்ளையின் குரல், என் கணவரின் அதே இழுவையில், அச்சொட்டாகக் குருநகர்த் தமிழில்:

"அழாதை. சாப்பிடு. அம்மா வருவா."

எனக்கு ஆறுதல் சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

நான் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினேன்.

*

அந்தப் பனிக்காலம் முடிய, வடக்குச் சுவர் முழுதாக ஏரிக்குள் விழுந்துவிட்டதாக ஓகெ போன் பண்ணினான். மழை என்று பத்திரிகையில் போட்டார்களாம். எங்களுக்கு எஸ்பியர்க்கில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. அவர் மேசன் வேலையை விட்டு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தார். பானையில் குழி விழவில்லை. அஜந்தினி எல்லாப் பிள்ளைகளும் பேசும் டேனிஷ் பேசினாள். கோட்டையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. தப்பிவிட்டோம் என்று மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1993 தை மாதம். தமிழ்க் குடும்பங்களைத் தடுத்துவைத்த விவகாரத்தில் இந்த நாட்டு அரசாங்கமே விழுந்தது. எஸ்பியர்க் தமிழ்ச் சனம் அந்தோனிதாசன் வீட்டில் கூடினோம். கேக் வெட்டினார்கள். அந்த மந்திரியை ஆளுக்கு ஆள் திட்டினோம். நான்தான் கூடத் திட்டினேன். ஒரு தாயையும் பிள்ளையையும் வெளியே நிறுத்திவைக்க அவனுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

பின்னேரம் வீடு திரும்பும்போது, கீழ்வீட்டுக் கெர்டா படியில் நின்று என்னை மறித்தா. நல்ல மனுசி. பிறர் விசயத்தில் தலையிடாதவ. மூன்றரை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட டேனிஷுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னா.

"நான் சொல்லக் கூடாதுதான். ஆனால் இன்றைக்கு மிகவும் குளிர். உங்கள் மகனை இப்படி வெளியே இருத்தி வைக்காதீர்கள்."

எனக்கு மகன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"நல்ல அடக்கமான பையன்" என்றா கெர்டா. "என் பாட்டியைப்போல் டேனிஷ் பேசுகிறான். பாண் கொடுத்தேன், வாங்கவில்லை. உள்ளே வந்து இரு என்றேன், வரவில்லை. அம்மா கதவைத் திறப்பா என்கிறான்."

"எப்ப தொடக்கம்?"

கெர்டா என்னை விசித்திரமாகப் பார்த்தா. "நீங்கள் குடிவந்த நாள் தொடக்கம்தான்."

மேலே ஏறினேன். எங்கள் வாசலில் ஒருவரும் இல்லை. கால்மிதியில் ஒரு பக்கம் மட்டும் அமிழ்ந்து தேய்ந்திருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அஜந்தினி மேசையில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயது. வளர்ந்துவிட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், கீழே, யாரோ சின்ன முதுகைச் சாய்த்து இருக்கும் சத்தம் கேட்டது.

என் கை கைபிடிக்குப் போனது. திரும்பி என் பிள்ளையைப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். தட்டினால் திட்டித் துரத்திவிடலாம். அவன் தட்டுவதே இல்லை.